விடுபட்ட ஐந்து நோன்பு

அற்புதராணிக்குத் தெரியாமல் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அந்தப் போடிங்கில் ஒரு பல்லிகூடக் கத்தாது என்று கல்முனையில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை, அவளேதான். சந்தையில் மீன்காரன் பக்கீரிடம் பேரம் பேசும்போதும், கோயில் கலைந்து வெளியே வரும்போதும், நாற்பது பெண்பிள்ளைகளைத் தான் ஒருத்தியாகக் கட்டி மேய்க்கும் கெட்டித்தனத்தை எப்படியாவது கதைக்குள் நுழைத்துவிடுவாள். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். ஆட்டாவிட்டால் அவள் விடமாட்டாள்.

நற்பிட்டிமுனையில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் நேசராசாவுக்குக் கழுத்தை நீட்டினாள். சாகாமத்துக்கு வயல் வேலைக்குப் போன அவன் முப்பத்தைந்தாம் ஆண்டு மலேரியாக் காய்ச்சலோடு வந்து படுத்தவன்தான், எழும்பவில்லை. பிள்ளை குட்டி இல்லை. மிசன் பெண்பிள்ளைகள் பாடசாலையின் போடிங்கில் அரிசி அரிக்க ஆள் தேவை என்று யாரோ சொல்ல, ஒரு ஓலைப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். ஆறு வருசம் அரிசி அரித்தாள். பழைய மேட்ரன் நோயில் விழுந்தபோது சாவிக்கொத்து இவள் இடுப்புக்கு ஏறியது. அதற்குப் பிறகு அது இறங்கவே இல்லை.

பேன் யாருக்கு, பொய்க் காய்ச்சல் யாருக்கு, தலையணை உறைக்குள் புளி ஒளித்தவள் யார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தவறிப்போவதை ஓடிவந்து சொல்ல ஒன்பது வயது றோசா இருந்தாள். பிறர் பிழையைச் சொல்வதில் அந்தச் சின்னதுக்கு இருந்த பக்தி செபத்தில்கூட இருந்ததில்லை.

பிள்ளையொன்று பெரியபிள்ளையானால் அதற்கென்று அற்புதராணியிடம் ஒரு முறை இருந்தது. நோயாளர் அறையில் தனியே இருத்துவாள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பாள். அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லி அனுப்புவாள். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். சிலர் ஒரு மாதத்தில் திரும்பி வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். பன்னிரண்டு வருசத்தில் வராமற்போனவர்கள் பதினொரு பேர். அதைப் பற்றி அவள் பெரிதாக யோசித்ததில்லை. ஊர் வழக்கத்தில் தனக்கு என்ன வேலை என்றிருந்தாள்.

ஐம்பத்தோராம் ஆண்டு தை மாதம் சம்மாந்துறையிலிருந்து மீராசாப் போடியார் தன் மகள் ஹாஜறாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழெட்டு வயல்வட்டைகளில் காணி உள்ள மனிதர். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. அந்தப் போடிங்குக்கு வந்த முதல் முஸ்லிம் பிள்ளை அவள்தான். ஊரில் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பதைக் காதில் வாங்காமல் வந்திருந்தார். ஆனாலும் அவருக்கு ஒரு பயம் இருந்தது. தலைமை ஆசிரியை பெரிய மிஸ்ஸிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, மேட்ரனைத் தனியே கூப்பிட்டார்.

"புள்ள படிக்க ஆசப்படுறா, கொண்டுவந்திட்டன். ஆனா பெரியபுள்ள ஆகிட்டா எண்டா அதுக்குப் பொறகு ஒரு நாளும் வெளியில வைக்க ஏலா. ஊர் என்னெ இரிக்க விடாது. அண்டைக்கே எனக்குச் சொல்லி அனுப்பணும், மேட்ரன். நீங்க சொல்லுவீங்க எண்ட நம்பிக்கையிலதான் உட்டுட்டுப் போறன்."

"அண்டைக்கே சொல்லி அனுப்புவன் போடியார். எனக்குத் தெரியாம இஞ்ச ஒண்டும் நடக்காது" என்றாள் அற்புதராணி. இரண்டாவது வசனத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. அது தானாக வந்தது.

பொறுப்பெடுத்தால் அவள் அரைகுறையாக எடுக்கமாட்டாள். ஹாஜறாவின் தாய் சபியா உம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தனிப் பானை, தனி அகப்பை. இறைச்சி வீட்டிலிருந்து வந்தால் மட்டும். தையல் அறை மூலையில் தொழுகைக்குப் பாய். நோன்பு காலத்தில் விடியற்காலைச் சுபஹுக்கு முன் சாப்பாடு, பிறகு பொழுதுபட்டு மஃரிப் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் தொண்டையில் இறங்கக்கூடாது. எல்லாவற்றையும் பாடமாக்கினாள். ஒன்றை மட்டும் சபியா உம்மா சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு அது எதற்கு என்று விட்டிருக்கலாம், வெட்கமாகவும் இருந்திருக்கலாம்.

ஹாஜறா படிப்பில் கெட்டிக்காரி. ஐம்பத்துமூன்று மார்கழியில் எஸ்.எஸ்.சி. சோதினை. பேர் பதிந்து கொழும்புக்குப் போய்விட்டது. பாஸ் பண்ணினால் ஆசிரியர் கலாசாலைக்குப் போகலாம் என்று பெரிய மிஸ் சொல்லியிருந்தாள். அந்த வருசம் நோன்பு வைகாசியில் பிறந்தது.

பதினைந்தாம் நோன்பன்று பகல் பத்து மணிக்கு அற்புதராணி கிணற்றடிப் பக்கம் போனாள். வாழைகளுக்குப் பின்னால் ஹாஜறா குந்தியிருந்து பாண் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் றோசா, சகல பிழைகளையும் ஓடிவந்து சொல்லும் அதே றோசா, தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அற்புதராணியால் தன் கண்ணை நம்ப முடியவில்லை. "என்ன புள்ள செய்யிறாய்? நோன்பெல்லோ" என்றாள். ஹாஜறா தலையைக் குனிந்தாள். பசி தாங்கமுடியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு மறுநாளும். அற்புதராணி ஏசினாள், கெஞ்சினாள், கடவுளுக்குப் பயப்படச் சொன்னாள். மெதடிஸ்த கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற ஒருத்தி ஒரு முஸ்லிம் பிள்ளையின் நோன்புக்காக ஐந்து நாள் மனம் புழுங்கினாள் என்றால் இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையில் ஒப்படைத்த பொருள் கெட்டுப்போகிறது என்றே அவள் நினைத்தாள். ஆறாம் நாள் ஹாஜறா யாரும் சொல்லாமலே நோன்பு பிடித்தாள். மேட்ரனுக்கு அதுவும் விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடியார் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்தார். பெரிய வகுப்புப் பிள்ளை ஞானராணி ஹாஜறாவைக் கூப்பிடப் போகவிருந்தவள், விறாந்தையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"புள்ள நோன்பெல்லாம் ஒழுங்காப் புடிக்கிறாவா?" என்று போடியார் கேட்டார். சும்மா கேட்டதுதான்.

"அக்கா, அடுப்படியில உங்களத் தேடுறாங்க" என்றாள் ஞானராணி.

"தேடட்டும்" என்றாள் அற்புதராணி. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்தது இது. "போடியார், உங்களிட்ட ஒளிக்கக்கூடாது. அஞ்சு நோன்ப விட்டுட்டா. நான் ஏசிப்பார்த்தன், கேக்கல்ல."

"அக்கா, பால் பொங்குது" என்றாள் ஞானராணி. போடிங்கில் அன்றைக்குப் பாலே இல்லை.

போடியார் பொட்டலத்தைக் கதிரையில் வைத்தார். "அஞ்சும் தொடரா உட்டவாவா? இல்லாட்டி இடைக்கிடையா?"

"ஒரே தொடரா அஞ்சு நாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தன். ஆறாம் நாள் தானாவே புடிச்சா."

"என்ட மகள் எப்ப பெரியபுள்ள ஆனவ, மேட்ரன்?"

"என்ன சொல்லுறீங்க போடியார்?"

"மாசத்தில வாற அந்த நாளையில எங்கட பொண்டுகள் நோன்பு புடிக்கப்படாது. தொடரா உட்டுட்டுப் பொறகு புடிக்கிற எண்டா அதுக்கு வேற கருத்து இல்ல."

அற்புதராணி ஞானராணியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் இரத்தமே இல்லை. அதைப் பார்த்த பிறகு கேட்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

"நாளைக்கு வண்டி கொண்டு வாறன்" என்றார் போடியார். எழும்பி, குடையை எடுத்துக்கொண்டு, படியில் நின்று திரும்பினார். "நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. உங்கட வாயாலதான் எனக்குத் தெரிய வந்த." மனதாரச் சொன்னார். அதைவிட அவர் அவளுக்கு இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

ஞானராணி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். போன ஐப்பசியிலேயே ஆகிவிட்டது. எட்டு மாதம். ஹாஜறா முதலில் ஞானராணியிடம் சொன்னாள். ஞானராணி பெரிய பிள்ளைகளைக் கூட்டினாள். இரண்டு நாளில் நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது, நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சீலைத் துண்டுகளை முறை போட்டுத் தங்கள் துணியோடு சேர்த்துத் துவைத்தார்கள். வயிற்றுவலி வந்தால் வேறொருத்தி தனக்கென்று சொல்லி மேட்ரனிடம் ஓமத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அப்படி ஏழெட்டுத் தரம் அற்புதராணியே தன் கையால் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"அவட உம்மாவுக்கும் தெரியும் அக்கா. மார்கழி லீவிலயே தெரியும்."

ஆக, தெரியவேண்டிய இரண்டு பேருக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. ஒருத்தர் போடியார், மற்றது அவள். பல்லி கத்தினாலும் கேட்கும் காது.

"என்னட்ட ஏன் சொல்லயில்ல?" என்று கேட்டாள்.

வாசலில் நின்ற றோசாதான் சொன்னாள். "உங்களிட்டச் சொன்னா நீங்க சொல்லிப்போடுவீங்க."

மறுநாள் சீலை கட்டி மறைத்த வண்டி வந்தது. ஹாஜறா பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். அழவில்லை. மேட்ரனுக்கு முன்னால் வந்து, "போயிட்டு வாறன் அக்கா" என்றாள், ஒரு குற்றமும் சொல்லாமல். பெரிய மிஸ் போடியாரிடம் கதைத்துப் பார்த்தாள். தகப்பன் பிள்ளையைக் கேட்கும்போது பாடசாலை என்ன செய்யும். பெருநாள் கழிந்த கையோடு, நேற்று நடந்த காரியம்போல ஊருக்குச் சொல்லி, மகளுக்குத் தண்ணீர் வார்த்து, சொந்தக்காரருக்குச் சாப்பாடு கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அற்புதராணி சாகும்வரை மறக்கவில்லை. பிள்ளைகள் சொன்ன வேலையைச் செய்தார்கள், மணி அடித்தால் வந்தார்கள், சாப்பிட்டார்கள், படுத்தார்கள். அவளோடு மட்டும் கதைக்கவில்லை. கோள் சொல்லக்கூட ஒருத்தி வரவில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வீடு அப்படி அமைதியாகக் கிடந்தால் பைத்தியம் பிடிக்கும். திரும்பி வராத அந்தப் பதினொரு பேரின் முகங்களும் அப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர்களில் இரண்டு பேரின் பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மூன்றாம் கிழமை சனிக்கிழமை கட்டில்களைச் சோதிக்கும்போது ஞானராணியின் கட்டிலுக்குக் கீழே ஒரு கட்டுக் கொப்பி கிடந்தது. விரித்துப் பார்த்தாள். கேத்திரகணிதம் ஒருத்தியின் கையெழுத்தில், சரித்திரம் இன்னொருத்தியின் கையெழுத்தில், சுகாதாரம் வேறொருத்தியின் கையெழுத்தில். ஓரக்கோடுகள் கோணல்மாணலாக இருந்தன, அது றோசாவின் வேலையாக இருக்கவேண்டும். ஹாஜறா போன நாளிலிருந்து ஒரு பாடம் விடாமல் அவளுக்காக எழுதி வைத்திருந்தார்கள். எப்படி அனுப்புவது என்று ஒருத்திக்கும் தெரியாது. தெரியாமலே எழுதியிருக்கிறார்கள்.

அவள் கட்டிலில் இருந்துவிட்டாள். பிள்ளைகள் சுற்றிவர நின்றார்கள்.

"நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றாள்.

"போடியாரிட்டச் சொல்லுவீங்களா அக்கா?" என்று ஞானராணி கேட்டாள்.

வாழ்க்கையில் ஒரு பொய் சொன்னதில்லை என்பது அற்புதராணியின் இன்னொரு பெருமை. அன்று மாலை பஸ் ஏறி, சம்மாந்துறையில் போடியாரின் வாசலில் நின்று, அந்தப் பெருமையையும் கழற்றி வைத்தாள். கையில் தையல் பெட்டி. மேலே சீத்தைத் துணியும் நூலும், கீழே கொப்பிகள். "சும்மா வீட்டில இருக்கிற பிள்ளைக்குத் தையல் பழக்கலாம் எண்டு வந்தன் போடியார்." அவர் முகம் மலர்ந்தது. வேறு யாராவது என்றால் வாசலோடு அனுப்பியிருப்பார். இவள் உண்மை சொன்ன மனுசி. உள்ளே போகச் சொன்னார்.

ஆறு மாதம், சனிக்கிழமை தவறாமல் போனாள். சபியா உம்மா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். ஹாஜறாவுக்குச் சந்தேகம் வந்தால் அதைக் கொண்டுவருவதும் அற்புதராணிதான். ஐந்தாம் வகுப்புக்காரிக்குக் கேத்திரகணிதத்து வட்ட நாற்பக்கல் எங்கே தெரியும்? சொல்லை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, மறந்துவிடாதபடி பஸ்ஸில் கல்முனை வரை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் செபம் சொல்கிறாள் என்று நினைத்து ஒதுங்கி இடம் விடுவார்கள். போடிங் வாசலில் நாற்பது பேரும் காத்துக்கொண்டிருப்பார்கள். கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சோதினைக்கு இரண்டே நாள் இருந்தது. கொப்பியைப் பெட்டிக்குள் ஒளிக்கலாம், பிள்ளையைக் கல்முனை மண்டபத்துக்கு எப்படி ஒளித்துக் கொண்டுவருவது? ஹாஜறா அன்றைக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. "வாப்பாட்ட நீங்க சொல்லுவீங்களா அக்கா?" ஒரு காலத்தில் அவள் சொல்லிவிடுவாள் என்று பயந்த பிள்ளை.

அற்புதராணி முன்மண்டபத்துக்கு வந்தாள். போடியார் வயல்காரனோடு கதைத்து முடித்து அவனை அனுப்பிவிட்டு இருந்தார். அவள் இருக்காமல் நின்றபடியே சொன்னாள்.

"ஆறு மாசமா உங்கட வீட்டுக்குள்ள பொய் சொல்லித்தான் வந்தன் போடியார். தையல் இல்ல. படிப்புத்தான். பிள்ளை எல்லாப் பாடமும் முடிச்சிட்டா. திங்கக்கிழமை சோதினை."

"நீங்களா?" என்றார் போடியார். பிறகு, "இது வேற ஆருக்குத் தெரியும்?"

"போடிங்கில நாப்பது பேருக்கும் தெரியும்."

"இந்த ஊட்டில?"

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து சபியா உம்மாவின் குரல் வந்தது. "எனக்குத் தெரியும். போன மார்கழியிலயிருந்தே எல்லாம் தெரியும்."

போடியாரின் முகம் போன போக்கை அற்புதராணியால் பார்க்க முடியவில்லை. அந்த முகம் அவளுக்குப் பழக்கமானது. தன் வீட்டில் தனக்கு எல்லாம் தெரியும் என்றிருந்தவருக்கு, கடைசியாகத் தெரிந்துகொண்டவர் தான்தான் என்று விளங்கும்போது வருகிற முகம். அவளும் அதை ஒரு நாள் சுமந்தவள். "போயிட்டு வாங்க" என்று மட்டும் அவர் சொன்னார். அதற்கு என்ன கருத்து என்று அவளுக்கும் தெரியாது, கதவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை மழை. சோதினை மண்டப வாசலில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். ஞானராணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அற்புதராணி குடையோடு வெளியே நின்றாள். முதல் மணி அடித்தது. வீதியில் ஒரு பஸ் போயிற்று, இரண்டு சைக்கிள் போயிற்று. இனி வராது என்று அவள் நினைத்த நேரத்தில், சந்தி திரும்பிச் சீலை கட்டிய வண்டி வந்தது. போடியார் வண்டிக்கு முன்னால், மழையில் நனைந்துகொண்டு நடந்துவந்தார்.

ஹாஜறா இறங்கினாள். தலையை மூடிய முக்காட்டைச் சரிசெய்து, பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒருவரையும் பாராமல் உள்ளே ஓடினாள்.

போடியார் மேட்ரனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவள் குடையை நீட்டினாள், வேண்டாம் என்றார். அவருடைய கண் மண்டபத்துக் கதவிலேயே இருந்தது.

"அந்த அஞ்சு நோன்புக் கதைய அண்டைக்கு நீங்க எனக்குச் சொல்லாம உட்டிரிக்கலாம், மேட்ரன்."

"நீங்கதானே போடியார் கேட்டீங்க."

"கேட்டன்தான். ஒழுங்காப் புடிக்கிறா எண்டு சொல்லிப்போட்டுப் பேசாம இரிந்திரிக்கலாம்." மழைத்தண்ணீரை முகத்திலிருந்து வழித்தார். "ஊட்டுக்குக் கொண்டுவந்த நாளில இருந்து, ஆறு மாசம், என்ட புள்ள என்னோட ஒரு சொல்லுக் கதைக்கல்ல. இண்டைக்கு வண்டியில ஏறக்குள்ளதான் வாப்பா எண்டு கூப்பிட்டா."

இரண்டாம் மணி அடித்தது. யாரோ உள்ளிருந்து மண்டபத்துக் கதவைச் சாத்தினார்கள்.